காஷ்கரில் நண்பகல் எத்தனை மணிக்கு? உய்குர் மக்களைப் பற்றிப் பாடம் நடத்த விரும்பும் ஓர் ஆசிரியைக்கு

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "செய்திகளைப் பார்த்துவிட்டு உய்குர் முஸ்லிம்கள் யார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பாடவேளை ஒதுக்க முடியும். எங்கிருந்து தொடங்குவது? இஸ்லாமைப் பற்றி எவ்வளவு சொல்வது? வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீன அரசு உய்குர்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம்களிலிருந்து தொடங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் தொடங்கினேன். செயற்கைக்கோள் படம், முள்வேலி, காவல் கோபுரம், அடைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை என்று பத்து நிமிடம் பேசினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பாடம் மனதில் பதிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன், முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருந்த மாணவியைப் பார்த்து, "உங்கள் ஆட்கள்தானே, ஏன் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் நாற்பது முகங்களும் அந்தப் பெண் பக்கம் திரும்பின. உய்குர் என்ற சொல்லையே அன்றுதான் அவளும் முதன்முதலாகக் கேட்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தவறு என்னுடையது. ஒரு மக்களைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி "முஸ்லிம்கள், அடைத்து வைக்கப்பட்டவர்கள்" என்பதாக இருந்தால், அவர்களுக்கு வேறு எந்தக் கேள்வி தோன்றும்?

அதன் பிறகு முதல் பாடவேளை முழுவதையும் அந்த மக்களுக்கே கொடுத்துவிடுகிறேன். அவர்கள் எங்கே வாழ்கிறார்கள், என்ன உண்கிறார்கள், எப்படித் தொழுகிறார்கள், அவர்கள் மொழி எப்படி இருக்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான், அவர்களிடமிருந்து என்ன பறிக்கப்படுகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது.

தொடங்குவதற்கு வரைபடமும் கடிகாரமும் போதும். ஊட்டியிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அது பஞ்சாபைக் கடந்து, காஷ்மீர் மலைகளில் ஏறி, காரகோரத்தில் கே2 சிகரத்தை ஒட்டிச் சென்று, இறங்கும் இடத்தில் ஏறக்குறைய காஷ்கர் நகரத்தைத் தொடும். உய்குர்கள் வாழும் சின்ஜியாங் பகுதியில், சீனாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஊர் அது. ஊட்டியின் தீர்க்கக்கோடு 76.7 பாகை கிழக்கு, காஷ்கருக்கு 76 பாகை. இரண்டு ஊர்களிலும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. காஷ்கரிலிருந்து டெல்லி சுமார் 1,200 கிலோமீட்டர், பெய்ஜிங் சுமார் 3,400 கிலோமீட்டர்.

அடுத்து ஒரு கணக்கு. சீனா முழுவதற்கும் ஒரே அதிகாரப்பூர்வ நேரம், அது 120 பாகை தீர்க்கக்கோட்டை ஒட்டியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். 120-இல் 76 போனால் 44, அதை நான்கால் பெருக்கினால் 176 நிமிடம். காஷ்கரில் சூரியன் தலைக்கு மேலே வரும்போது கடிகாரம் பிற்பகல் 2.56 காட்டும். ஊட்டியில் அதே நண்பகலை நம் கடிகாரம் 12.23 என்கிறது. (சூரியனின் ஓட்டத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் சில நிமிடங்கள் கூடும், குறையும். கெட்டிக்கார மாணவர் யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள்.) அதனால்தான் உய்குர் மக்கள் நெடுங்காலமாகப் பெய்ஜிங் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரம் ஒன்றையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நாலு மணிக்கு வா" என்றால், எந்த நாலு மணி என்று கேட்க வேண்டியிருக்கும். அரசு அலுவலகத்தில் ஒரு நேரம், வீட்டில் ஒரு நேரம்.

இந்த இடத்தில் இஸ்லாம் தானாகவே பாடத்துக்குள் வந்துவிடும். முஸ்லிம்களின் ஐவேளைத் தொழுகை சூரியனின் நிலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நண்பகல் தொழுகையான லுஹர், உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்த பிறகு தொடங்கும். அந்த நேரம் காஷ்கரில் பெய்ஜிங் கடிகாரப்படி ஏறக்குறைய மூன்று மணி. சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் ஒன்று சொல்ல, வானத்துச் சூரியன் வேறொன்று சொல்கிறது. வகுப்பில் இருக்கும் முஸ்லிம் மாணவர்களைச் சாட்சிக்கு இழுக்காமலே, தொழுகை என்பது வானத்தைப் பார்த்து வாழும் ஒரு ஒழுங்கு என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். ஐந்து கடமைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்த ஒரு கணக்கு நன்றாக வேலை செய்கிறது.

இஸ்லாம் என்றதும் பிள்ளைகள் மனதில் வருவது அரபுப் பாலைவனம். உலக முஸ்லிம்களில் அரபு பேசுகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்று சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் சில சொற்களை எழுதுங்கள். அரபு மொழியில் ஸலாத், நம் ஊரில் தொழுகை, உய்குர் மொழியில் நமாஸ். அரபு மொழியில் ஸவ்ம், நமக்கு நோன்பு, அவர்களுக்கு ரோஸா. நாம் நோன்புப் பெருநாள் என்பதை அவர்கள் ரோஸா ஹேய்த் என்பார்கள், ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே குர்பான் ஹேய்த். உய்குர்கள் சுன்னி முஸ்லிம்கள், ஹனஃபி என்ற சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். நம் ராவுத்தர்களில் பெரும்பாலோரும் அதே வழியினர்தான். எழுத்து இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. உய்குர் மொழி துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அரபு எழுத்தைத் தன் ஒலிகளுக்கு ஏற்ப மாற்றி, உயிரொலிகள் அனைத்தையும் விடாமல் குறித்து, 32 எழுத்துகளில் எழுதுகிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில், கூடுதல் குறிகள் சேர்த்து எழுதிய அரபுத் தமிழை இங்கே நினைவுபடுத்தலாம். ஒரு மதம் ஊருக்கு ஊர் அந்தந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயரின் உச்சரிப்பையும் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலச் செய்தி கேட்டு 'வீகர்' என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். உய்குர் என்று தமிழில் எழுதுவதே மூலத்துக்கு நெருக்கமானது.

வரலாற்றில் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் தொடக்கத்திலிருந்தே முஸ்லிம்களாக இருந்தவர்கள் அல்லர். உய்குர் பேரரசு 744 முதல் 840 வரை இன்றைய மங்கோலியப் புல்வெளியில் இருந்தது. அதன் அரசர்கள் பாரசீகத்தில் தோன்றிய மணிக்கேய மதத்தைத் தழுவினார்கள். கிர்கிஸ் என்ற இன்னொரு மக்களிடம் தோற்ற பிறகு ஒரு பிரிவினர் துர்பான் பாலைவனச் சோலைக்கு வந்து குடியேறினார்கள். அங்கே பௌத்தம் செழித்தது. பெசெக்லிக் குகைகளில் அவர்கள் வரைந்த புத்த ஓவியங்களின் எச்சங்கள் இன்றும் உள்ளன. மேற்கே காஷ்கர் பக்கத்தில், பத்தாம் நூற்றாண்டில் காராகானிய அரசர் சதுக் புக்ரா கான் இஸ்லாமைத் தழுவினார். அங்கிருந்து கிழக்கே துர்பான் வரை இஸ்லாம் முழுமையாகப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்ததாக நம் பாடநூல்கள் சொல்லும் யுவான் சுவாங், துர்பான், குச்சா வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தார். காஷ்கர், கோத்தான் வழியாகத் திரும்பினார். அப்போது அந்தச் சோலைகளில் வேறு மொழிகள் பேசிய பௌத்தர்கள் வாழ்ந்தார்கள். அவர்களும் பின்னால் வந்த துருக்கிய மக்களும் கலந்து உருவானவர்களே இன்றைய உய்குர்கள். நெடுங்காலம் அவர்கள் தங்களைக் காஷ்கர்க்காரர், துர்பான்காரர், முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டார்கள். உய்குர் என்ற பழைய பெயர் பொதுப்பெயராக மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது 1921-க்குப் பிறகு. இதை மறைக்கத் தேவையில்லை. எந்த மக்களின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு.

சின்ஜியாங் என்ற பெயருக்குச் சீன மொழியில் 'புதிய எல்லை' என்று பொருள். அன்று சீனாவை ஆண்ட சிங் அரசமரபு அதை மாகாணமாக்கியது 1884-இல். யாருக்குப் புதியது என்று வகுப்பில் கேளுங்கள். பிறகு அவர்கள் பேசிக்கொள்வார்கள். 1933-34-இல் காஷ்கரிலும், 1944 முதல் 1949 வரை குல்ஜாவிலும் 'கிழக்குத் துர்கிஸ்தான்' என்ற பெயரில் தனிக் குடியரசுகள் இருந்தன. 1955-இல் சின்ஜியாங் உய்குர் தன்னாட்சிப் பகுதி அமைந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழும் உய்குர்கள் சுமார் 1 கோடியே 16 லட்சம் பேர். இந்த ஆண்டுகள் கரும்பலகையின் ஓரத்தில் இருந்தால் போதும்.

முதல் பாடவேளையை ரொட்டியோடு முடியுங்கள். 'நான்' என்ற உய்குர் ரொட்டி, களிமண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடப்படுவது. மாவை வட்டமாகத் தட்டி, விளிம்பைத் தடிப்பாக விட்டு, நடுவில் ஒரு சிறு கருவியால் குத்திக் குத்திப் பூ வேலைப்பாடு செய்வார்கள். அந்தக் கருவியைப் பழைய முறையில் இறகுத் தண்டுகளைக் கட்டியே செய்கிறார்கள். இறகின் கூர்முனை பட்ட இடம் உப்பாது, படாத இடம் உப்பும், கோலம் போல வடிவம் எழும். நானைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள், காலில் படும்படி போட மாட்டார்கள். திருமணத்தில் உப்பு நீரில் தோய்த்த ரொட்டித் துண்டை மணமகனும் மணமகளும் உண்பார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. சோற்றுப் பருக்கையை மிதிக்காதே என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை நம் வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது பாடவேளைக்கு ஒரு மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொள்வது ராஹிலே தாவுத் என்ற பேராசிரியரை. சின்ஜியாங்கின் தலைநகரான உரும்கியில் உள்ள சின்ஜியாங் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் நடத்தியவர். முனைவர் பட்டம் பெற்ற முதல் உய்குர் பெண்களில் ஒருவர். தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் மஸார்களை, அதாவது இறைநேசர்களின் அடக்கத்தலங்களை, ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று ஆவணப்படுத்தினார். அங்கே நீண்ட கம்புகளை நட்டு, வண்ணத் துணிகளைக் கொடியாகக் கட்டி, குழந்தை வேண்டியும் நோய் தீர வேண்டியும் மக்கள் வேண்டிக்கொள்வார்கள். நாகூர் தர்காவின் கொடியேற்றத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. இப்படி அடக்கத்தலத்தில் வேண்டுவது சரியா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே விவாதம் உண்டு, நம் ஊரிலும் உண்டு. அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள். தீர்ப்பு சொல்வது ஆசிரியரின் வேலை இல்லை.

2017 டிசம்பரில் ராஹிலே தாவுத் காணாமல்போனார். அவர் ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார் என்பது 2023-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் எழுதிய மஸார்களில் ஒன்று, கோத்தான் அருகே மணல்மேட்டின் மேல் இருந்த இமாம் ஆசிம் அடக்கத்தலம். அங்கே ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடும். இன்று செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் கட்டடங்கள் இடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. முள்வேலிப் படத்தில் தொடங்கிய என் பழைய வகுப்பில் யாரும் எதையும் கேட்கவில்லை. இந்தப் படத்தைக் காட்டும்போது, "அந்தக் கொடிகளை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?" என்று கேட்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்லலாம், சுற்றி வளைக்காமல். 2009 ஜூலையில் உரும்கியில் உய்குர்களுக்கும், சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் சீனர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில், அரசுக் கணக்குப்படி 197 பேர் இறந்தார்கள். 2014 மார்ச்சில் தென்மேற்குச் சீனாவின் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியேந்தியவர்கள் 31 பேரைக் கொன்றார்கள். அந்தத் தாக்குதலுக்கு சின்ஜியாங் பிரிவினைவாதிகளைச் சீன அரசு பொறுப்பாக்கியது. இதைச் சொல்லாமல் விடாதீர்கள். விட்டால், பிற்பாடு வேறெங்காவது அறிந்துகொள்ளும் மாணவர், நீங்கள் சொன்ன மற்றவற்றையும் நம்ப மாட்டார். அதே ஆண்டு மே மாதம் சீன அரசு 'கடும் தாக்குதல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தீவிரவாத ஒழிப்பு விதிகள் 'இயல்பற்ற' தாடியையும், முகத்திரையையும், மத வெறியைப் பரப்பும் பெயர் வைப்பதையும் தீவிரவாதத்தின் வெளிப்பாடுகள் என்று தடை செய்தன. அதற்கு முன்பிருந்தே, 18 வயது நிரம்பாதவர்கள் மத நடவடிக்கைகளில் ஈடுபடுவதற்கு அங்கே தடை உண்டு. உங்கள் மாணவர்களின் வயது 14. இந்த ஒரு விதியை அவர்களிடம் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். கோயில் திருவிழா, ஞாயிறு ஆராதனை, நோன்புக் கஞ்சி என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டை நினைத்துப் பார்க்கும். பள்ளிகளில் உய்குர்வழிக் கல்வி சுருங்கிக்கொண்டே வந்து சீனமொழிவழி ஆகிவிட்டதையும் சொல்லுங்கள். பயிற்றுமொழி என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2017 முதல் பத்து லட்சம் பேர் வரை விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த முகாம்கள் தொழிற்பயிற்சி மையங்கள் என்றும், பயின்ற அனைவரும் முடித்துச் சென்றுவிட்டார்கள் என்றும் 2019 டிசம்பரில் சீன அரசு அறிவித்தது. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கே நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகக் கூடும் என்றது. சின்ஜியாங்கின் பிறப்பு விகிதம் 2017-இல் ஆயிரத்துக்கு 15.88-ஆக இருந்து 2019-இல் 8.14-ஆக விழுந்ததையும் அது சுட்டிக்காட்டியது. அவை சீன அரசின் சொந்தப் புள்ளிவிவரங்கள்.

இங்கே சொற்களில் கவனம் தேவை. அமெரிக்க அரசும் சில நாடுகளின் நாடாளுமன்றங்களும் இதை இனப்படுகொலை என்கின்றன. ஐ.நா. அறிக்கை அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதை அப்படியே சொல்லிக்கொடுங்கள். மென்மையாக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். உய்குர்களின் துயரம் நம் மிகைப்படுத்தலை எதிர்பார்த்து நிற்கவில்லை.

"முஸ்லிம் நாடுகள் ஏன் கேட்கவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். 2022 அக்டோபர் 6 அன்று நடந்த வாக்கெடுப்பை எழுதிப் போடுங்கள். அந்த ஐ.நா. அறிக்கையைப் பற்றி விவாதிக்கலாமா என்பதுதான் தீர்மானம். கண்டிக்கக்கூட இல்லை, விவாதிக்க மட்டும். ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் 47 நாடுகளில் 17 ஆதரித்தன, 19 எதிர்த்தன, 11 விலகி நின்றன. தீர்மானம் தோற்றது. எதிர்த்தவற்றில் பாகிஸ்தானும் இந்தோனேசியாவும் கத்தாரும் உண்டு. சோமாலியா ஆதரித்தது. விலகி நின்ற 11-இல் மலேசியாவும் இந்தியாவும் இருந்தன. கடன், வணிகம், எல்லை, நாளை நம்மையும் இப்படிக் கேட்பார்களோ என்ற அச்சம் என ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன காரணம் இருந்திருக்கும் என்று குழுக்களாகப் பிரித்து யோசிக்கச் சொல்லலாம். மதம் ஒன்றாக இருப்பதால் அரசுகள் ஒன்றாக நிற்பதில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொரு தவறான புரிதலையும் தடுத்துவிடுங்கள். சீனாவில் பத்து முஸ்லிம் இனங்களை அரசு அங்கீகரித்திருக்கிறது. சீன மொழி பேசும் ஹுய் முஸ்லிம்கள் தனி. சின்ஜியாங்கிலேயே கசாக், கிர்கிஸ் மக்களும் இருக்கிறார்கள், கசாக்குகளும் அடைக்கப்பட்டவர்களில் உண்டு. அதேபோல், சீன மக்கள் மீது வெறுப்போடு பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போகக் கூடாது. உய்குர்களுக்கும் ஹான் மக்களுக்கும் இடையே உரையாடல் வேண்டும் என்று பெய்ஜிங்கில் இணையதளம் நடத்திய உய்குர் பொருளியல் பேராசிரியர் இல்ஹாம் தோதியைப் பற்றிச் சொல்லுங்கள். 2014-இல் அவருக்கும் ஆயுள் தண்டனைதான் கிடைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் அவருக்கு மனித உரிமைக்கான சகாரோவ் பரிசு வழங்கியது.

ஆறாம், ஏழாம் வகுப்பு என்றால் முதல் பாடவேளையோடு நிறுத்திக்கொள்ளலாம். வரைபடம், கடிகாரம், ரொட்டி போதும். முகாம்களைப் பற்றி அந்த வயதில் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முந்தின நாளே முஸ்லிம் மாணவர்களிடம் தனியாக, இயல்பாகச் சொல்லிவிடுங்கள்: "நாளை உய்குர் மக்களைப் பற்றிப் பேசப்போகிறோம். உன்னிடம் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன். நீயாக ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்." வகுப்பில் யாராவது அவர்கள் பக்கம் திரும்பினால், கேள்வியை உடனே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த பிறகு ஒரு மாணவன் தானாகவே எழுந்து, தன் பாட்டி அரபுத் தமிழில் எழுதிய குறிப்பேடு வீட்டில் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டான். மறுநாள் வகுப்பே அதைச் சுற்றி நின்றது.

கடைசி ஐந்து நிமிடத்தைக் கேள்விகளுக்கு விட்டுவிடுங்கள். வாயால் கேட்கத் தயங்குகிறவர்கள் தாளில் எழுதித் தரட்டும். எனக்கு வரும் தாள்களில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி இருக்கிறது: "அந்தப் பேராசிரியர் இப்போது எங்கே இருக்கிறார்?" அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று அவருடைய மகளுக்குக்கூடச் சொல்லப்படவில்லை என்பதே நான் சொல்லும் பதில். மகள் அமெரிக்காவில் இருந்தபடி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.